கல்லுப்பையன் ஏன் விழுகிறான்?

வீட்டில் எல்லோரும் அவளை ஓட்டைவாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்டால் அவளே சொல்லிவிடுவாள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை காலையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்றால், விஷயம் பெரியதுதான்.

விஷயம் சித்தியின் கம்ப்யூட்டரில் இருந்தது.

சித்தி ஒரு கேம் செய்துகொண்டிருந்தாள். படம், இசை, கதை எல்லாமே அவள் ஒருத்திதான். அதற்காகப் பார்த்த வேலையையும் விட்டுவிட்டு, மாடி அறையில் குடியேறிவிட்டாள். "பல்லாவது தேய்ச்சியாடி?" என்று அம்மா கீழேயிருந்து கத்துவாள். பதில் வராது. வராவிட்டால் தேய்க்கவில்லை என்று அர்த்தம்.

கதை இதுதான். ஒரு மலை திடீரென்று எழுந்து எங்கேயோ நடந்து போய்விடுகிறது. அதன் மகன், கட்டைவிரல் உயரமே உள்ள கல்லுப்பையன், அம்மாவைத் தேடிக் கிளம்புகிறான். பாறைக்குப் பாறை, மேகத்துக்கு மேகம் குதித்துக் குதித்துப் போக வேண்டும். எல்லாமே சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் வரைந்தது. பையனின் கண் ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி கலங்கினால் பார்க்கிறவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். மழை பெய்தால் அவன் தலையில் பாசி முளைக்கும். சும்மா விட்டால் உட்கார்ந்து பெருமூச்சு விடுவான்.

திங்கட்கிழமை அது வெளியாகப் போகிறது. அம்மா "சூப்பர்" என்றாள். அப்பா "பிரமாதம்" என்றார். அவர் கேமின் முதல் பள்ளத்திலேயே விழுந்து, வேலை இருக்கிறது என்று நழுவியவர்.

தம்பி உருண்டைக்குத்தான் நழுவத் தெரியவில்லை. நேற்று அவன் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

"என் கை சரியில்லக்கா. எனக்கு எதுவுமே வராது."

ஓட்டைவாயும் விளையாடிப் பார்த்தாள். பட்டனை அமுக்கியதும் கல்லுப்பையன் குதிக்கவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குதித்தான். அதற்குள் காலுக்குக் கீழே தரை இல்லை.

இதை அப்போதே சித்தியிடம் சொன்னாள். "சித்தி, அவன் லேட்டாக் குதிக்கிறான்."

சித்தி கீபோர்டை வாங்கினாள். கல்லுப்பையன் பறவைபோலப் பறந்து பறந்து பள்ளங்களைத் தாண்டினான்.

"பாத்தியா? நல்லாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் தூங்கிக்கிட்டே அமுக்குறீங்க."

சித்தி சிரித்தாள். ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் ஓட்டைவாய்க்கு மேலே பேச வரவில்லை. இத்தனை உழைப்பில் ஓட்டை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் ஊரிலுள்ள உருண்டைகள் எல்லாம் சுவரைப் பார்த்து உட்காருவார்களே!

காலை முழுக்க யோசித்தபின் எழுந்து மாடிக்குப் போனாள்.

"சித்தி, நான் விளையாடுறேன். நீங்க கையே வைக்கக் கூடாது. எப்ப குதிக்கணும்னு வாயால மட்டும் சொல்லுங்க."

"இது என்னடி புது விளையாட்டு?"

"சொல்லுங்களேன்!"

கல்லுப்பையன் ஓடினான்.

"குதி!" என்றாள் சித்தி.

ஓட்டைவாய் குதிக்க வைக்கவில்லை. விரல்களை எடுத்துவிட்டாள். பையன் அங்கேயே நின்றான். அவனுக்கு முன்னால் இன்னும் புல்தரை இருந்தது. அதற்கப்புறம்தான் பள்ளம்.

"பள்ளம் இன்னும் வரவே இல்லையே சித்தி. ஏன் இப்பவே சொன்னீங்க?"

சித்தி திரையை உற்றுப் பார்த்தாள். "இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அப்படித்தான். அடுத்த தடவையும்.

"தினமும் விளையாடி உங்க விரலுக்குப் பழகிடுச்சு," என்றாள் ஓட்டைவாய் மெதுவாக. "தம்பி விரலுக்கு அது தெரியாதில்ல?"

சித்தி எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள்.

"குதிக்கிறதுக்கு முன்னாடி முழங்காலை மடக்குவான் பாரு, அதனாலதான் லேட்டு," என்றாள். "நான் முதமுதல்ல வரைஞ்சது அது. கல்லுன்னா கனமாத் தெரியணும்னு அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். அதைத் தூக்கிட்டா அவன் வெறும் பஞ்சு. திங்கட்கிழமைன்னு எல்லார்கிட்டயும் வேற சொல்லிட்டேன்."

"நீங்க வரைஞ்சதுலயே எனக்கு அந்தப் பாசிதான் ரொம்பப் பிடிக்கும் சித்தி. அது மூணாவது பள்ளத்துக்கு அந்தப் பக்கம்தானே முளைக்குது? யாருமே அங்க போகலன்னா?"

ஓட்டைவாய் நாற்காலி மேல் ஏறி, தொம்மென்று தரையில் குதித்தாள். அவள் முழங்கால் மடங்கியது. அப்படியே நின்று யோசித்தாள்.

"சித்தி! கீழ இறங்கினப்புறம் மடக்கட்டுமே! கனமா இருக்கிறவங்க விழும்போதுதானே கனம் தெரியும்?"

சித்தி திரும்பினாள். ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கேம் திங்கட்கிழமை வரவில்லை. 'கொஞ்சம் பொறுங்கள், பையனுக்குக் குதிக்கக் கற்றுக்கொடுக்கிறேன்' என்று சித்தி எல்லோருக்கும் எழுதிவிட்டாள். புதன்கிழமை சாயங்காலம் உருண்டையைத் தேடிக் கீழே வந்தாள். பல் தேய்த்திருந்தாள்.

"எனக்கு வேணாம்," என்றான் அவன்.

சித்தி அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். "உன் கை நல்லாத்தான்டா இருந்துச்சு. தப்பு என்னோடது. சரி பண்ணிட்டேன். வந்து பாக்குறியா?"

உருண்டை அக்காவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

முதல் பள்ளம். அமுக்கினான். கல்லுப்பையன் அந்தக் கணமே எழும்பி, அந்தப் பக்கம் தொம்மென்று இறங்கி, முழங்காலை மடக்கினான். புழுதி பறந்தது. இரண்டாவது பள்ளத்தையும் தாண்டினான். மூன்றாவது பெரியது. உருண்டை அவசரப்பட்டு முன்னாலேயே அமுக்கிவிட்டான். கல்லுப்பையன் உள்ளே போய்விட்டான்.

சித்தி மூச்சை அடக்கிக்கொண்டாள். ஓட்டைவாய் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப விழுந்தது நான்தான்!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, உருண்டை மறுபடியும் ஓடத் தொடங்கினான்.