மூழ்க மறுத்த பீப்பாய்கள்

காலையிலேயே ஆய்வகத்துக்கு வந்தவள், பாலிதீன் பையில் சுற்றியிருந்த உடைந்த ஏணிப்படியை மேஜைமேல் வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் பெயின்டருங்க. பத்து நாளைக்கு முன்னாடி இந்தப் படி ஒடிஞ்சு விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு போச்சு. தலையில அடிபட்டதுல அன்னைக்கு நடந்தது எதுவும் ஞாபகமில்ல. அவரே கொண்டாந்த ஏணிங்கறாரு கான்ட்ராக்டர். ரெண்டு பேர் ஏணிக்கும் ஒரே பச்சை பெயின்ட்! தான் செஞ்ச ஏணியே தன்னைக் கவுத்துடுச்சேன்னு இவரு புலம்பிக்கிட்டே கிடக்காரு."

"உங்க ஏணியை எங்க வைப்பீங்க?" மரத்தைத் தின்னும் பூஞ்சைகளை முப்பது வருடமாக ஆராயும் அம்மையார் நிதானமாகக் கேட்டார்.

"வீட்டுக்குள்ள, ஆணியில. ஒரு சொட்டுத் தண்ணி படாது. எங்க வீட்ல தண்ணித் தொட்டிகூட இல்ல."

"இது எப்போ பைக்குள்ள போச்சு?"

"விழுந்த அன்னைக்கே. ஈரமா இருந்துச்சு. அப்படியே சுத்திட்டேன்."

ஆய்வகத்தில் கூடமாட உதவிக்கொண்டிருந்த அம்மையாரின் கொழுந்தனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். துப்புத் துலக்குவது என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். உடைந்த விளிம்பில் பூத்திருந்த வெள்ளைத் தூளைச் சுரண்டித் தண்ணீரில் இட்டு, நுண்ணோக்கியில் குனிந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சொதப்பிட்டேன் அண்ணி. தூள் மூழ்கவே மாட்டேங்குது. எல்லாம் கருப்புக் காத்துக்குமிழா தெரியுது."

அம்மையார் சட்டென்று எழுந்து வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "சொதப்பல் இல்ல தம்பி. குமிழைச் சுத்தி என்ன இருக்குன்னு பாருங்க."

"அடேங்கப்பா! ஒரே நூலை ஸ்பிரிங் மாதிரி நெருக்கிச் சுத்தி, பீப்பாயே கட்டியிருக்கு!"

"அதுதான் பூஞ்சையோட வித்து. மிதக்கறதுக்காக உள்ள காத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. தேங்கின தண்ணிக்கடியில ஊறுற மரத்துலதான் இந்தப் பூஞ்சை வளரும். மரம் வெளிய வந்து ஈரக்காத்து பட்டாத்தான் வித்து கட்டும். பைக்குள்ள அதுதான் நடந்திருக்கு. ஆணியில தொங்கின ஏணிக்கு இது எப்படி வரும்? வண்டியை எடுங்க!"

மூவரும் போய் இறங்கிய கான்ட்ராக்டர் வீட்டுக் கொல்லையில் பாசி படர்ந்த தொட்டி ஒன்று இருந்தது. அதில் பாதி அமிழ்ந்து கிடந்த பலகையின் விளிம்பிலும் அதே வெள்ளைத் தூள். அம்மையார் கையோடு கொண்டுவந்த நுண்ணோக்கியைத் தொட்டிச் சுவரின்மேல் வைத்து, ஏணித் தூளும் பலகைத் தூளும் இட்ட இரண்டு கண்ணாடித் துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கான்ட்ராக்டருக்குக் காட்டினார். இரண்டிலும் அதே பீப்பாய்கள்.

"ஒடிஞ்ச ஏணி இந்த மாதிரித் தண்ணியில ஊறினது. அவங்க வீட்ல தொட்டியே கிடையாது. இப்ப சொல்லுங்க."

கான்ட்ராக்டர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். "அவன் ஏணி எட்டலம்மா. அவசரத்துல தொட்டியில கிடந்த என் ஏணியைத் தூக்கிக் குடுத்துட்டேன். அவனோடது கொட்டகையில இருக்கு. வைத்தியம் முழுக்க நான் பாத்துக்கறேன்."

பெயின்டரின் மனைவி கொட்டகைக்குள் ஓடினாள். பச்சை ஏணியின் படிகளை ஒவ்வொன்றாக ஏறி மிதித்துப் பார்த்தாள். உச்சிப் படியில் நின்றபடியே கணவனுக்கு போன் போட்டாள்.

"உங்க ஏணிமேலதாங்க நிக்கறேன்!"

மறுமுனையில் பதறும் குரல் எல்லோருக்கும் கேட்டது: "முதல்ல கீழ எறங்குடி!"