மஞ்சள் புடவைத் தொட்டில்

காலையில் பால்கனிக் கம்பிக்கு மேலே தொங்கிய தொட்டில் இப்போது கம்பிக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஜ்யோத்ஸ்னா கட்டிலில் படுத்தபடியே கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்தாள். டெல்லி ஜனக்புரியை மூடியிருந்த ஜனவரிப் பனியில் சாயங்காலத்துக்கு முன்பே வெளிச்சம் போய்விட்டது. எதிர்வீடு தெரியவில்லை, மெட்ரோ போகும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்து தேய்ந்தது. பால்கனிக்குள் நீண்டிருந்த வேப்பங்கிளையில் ஒரு மஞ்சள் துணி, அதற்குள் ஒரு கூழாங்கல். முடிச்சு தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் மாமியார் ருக்மிணி போட்ட முடிச்சு எதுவும் தளர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று கட்டிய தொட்டில் அது. பிள்ளை வேண்டுகிறவளின் புடவையைக் கிழித்து, கல்லை வைத்து மரத்தில் கட்டுவது ருக்மிணியின் ஊர் வழக்கம்.

"கோயில் படியெல்லாம் இப்போ நீ ஏறப்படாது. இங்கேயே கட்டிடறேன். உன் பழம்புடவை ஒண்ணு குடும்மா."

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் பொம்மை விளையாட்டாகத்தான் பட்டது. மாத்திரை மயக்கத்தில் அலமாரியின் அடித்தட்டைக் காட்டி, "அந்த மஞ்சளை எடுத்துக்கோங்கோ" என்றாள்.

மூன்று முறை தங்கி, மூன்று முறையும் கலைந்திருந்தது. கர்ப்பப்பைக்குள் பிறவியிலேயே ஒரு சுவர் இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வயிற்றைத் திறந்து செய்வது பழைய முறை, இப்போது கீழ்வழியாகக் கேமராவை விட்டுச் சுவரை வெட்டிவிடலாம், அப்படியே விட்டுவிட்டு இன்னொரு முறை முயன்று பார்ப்பதும் உங்கள் இஷ்டம் என்றாள் டாக்டர். இன்னொரு முறை இழக்க ஜ்யோத்ஸ்னாவிடம் தெம்பு இல்லை. வெட்டச் சொன்னாள். கண் விழித்தபோது டாக்டர் சிரித்துக்கொண்டே, "இனிமேல் ஒரே அறைதான். குழந்தைக்குத் தாராளமாக இடம்" என்று இந்தியில் சொன்னாள். ஜ்யோத்ஸ்னா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

கிளை கிறீச்சிட்டது. கனமான எதையோ தாங்குகிற சத்தம். ருக்மிணி பால் பூத்துக்குப் போயிருந்தாள். ஹீட்டரின் கருகல் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை எழுந்தது. இரும்பு வாடை. அது அவளுக்குத் தெரிந்த வாடைதான். வங்கியில் இருந்த கணவன் அனிருத்துக்குப் போன் போட்டாள்.

"அனி, அம்மா கட்டின தொட்டில் கீழ இறங்கிண்டே வரது."

"காத்தா இருக்கும், ஜ்யோ."

"காத்தே இல்லை. அடித்தட்டுல இருந்த மஞ்சள் புடவைதானே, அதுக்குள்ள அப்படி என்ன கனம்?"

"அந்த மஞ்சளா? அதையா குடுத்தே?" அவன் குரல் இறங்கியது. "கடைசித் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்போ நீ கட்டிண்டிருந்தது அதான்."

"அதைத் தூக்கிப் போடச் சொன்னேனே!"

"மனசு வரலை. நானே தோய்ச்சு அடியில வெச்சேன். அம்மா அப்போ இங்க இல்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்?"

போனைக் காதிலிருந்து எடுத்தாள். வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. தொட்டில் மட்டும் ஆடியது. யாரோ ஆட்டிவிடுவதைப்போல, ஒரே சீராக.

அவிழ்த்து எறிந்துவிட வேண்டும். உடனே. அம்மா வருவதற்குள்.

எழுந்தாள். கதவைத் தள்ளினாள். குளிர் முகத்தில் அறைந்தது. கையை நீட்டித் துணியைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

ஈரம்.

துணிக்குள் ஏதோ ஒன்று அவள் விரலை நோக்கித் திரும்பியது.

அடுத்த கணம் கனம் விட்டுப்போய்க் கிளை விருட்டென்று மேலே எழும்பியது. மடிப்பைப் பிரித்தாள். கல் இல்லை. தரையிலும் இல்லை. துணி கந்தலாய்த் தொங்கியது.

அடிவயிற்றின் இடப்பக்கம் ஏதோ உருண்டது.

கூழாங்கல் அளவுதான். உள்ளே ஒன்றும் இல்லை, எல்லாம் ஆறிவருகிறது என்று நேற்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். ஒன்றும் இல்லை.

உருண்டது. நடுவில் வந்து நின்றது. சுவர் இருந்த இடம். அங்கே துழாவியது.

பிறகு எதிலும் இடிக்காமல் வலப்பக்கம் போயிற்று.

வாசல் கதவு திறந்தது.

"ஜ்யோத்ஸ்னா, பால் காய்ச்சட்டுமா?"

அது இடப்பக்கம் திரும்பி வந்தது. சாவகாசமாக. அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமலேயே, வயிற்றை மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.