கறுப்புக் கோட்டில் ஒரு சூடு

“பெரியம்மா, உண்மையைச் சொல்லப் போனா மட்டும் ஏன் வயித்தை வலிக்குது?”

போன வருஷம் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, ஓரகத்தியின் மகள் இப்படிக் கேட்டாள். “சொல்லி முடிச்சதும் சரியாயிடும், வா” என்று அவளைக் கைப்பிடித்து மாமியாரிடம் கூட்டிப் போனவள், அந்த வீட்டு மூத்த மருமகள்தான்.

இப்போது அதே வலி அவளுக்கு. பத்து நாளாக.

வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய சலவைக் கடை. மூத்தவள் பதினெட்டு வருஷமாக அங்கே இஸ்திரி போடுகிறாள். ஓரகத்தியான இளையவளுக்குத் தொழில் கற்றுக் கொடுத்ததும் அவள்தான். ஆனால் வருகிறவர்கள் எல்லாம், “சின்னவங்க கையால தேய்ச்சுக் கொடுங்க” என்றார்கள். கேட்கும்போதெல்லாம் மூத்தவளின் நெஞ்சில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தாற்போல் இருக்கும்.

பத்து நாளைக்கு முன், பருத்தி விரிப்புகளுக்காகச் சூட்டைக் கூட்டியவள், பெட்டியின் திருகைக் குறைக்க மறந்துவிட்டாள். இளையவள் வக்கீலின் கறுப்புக் கோட்டை விரித்து அதே பெட்டியைத் தூக்கியபோதுதான் நினைவு வந்தது. சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை. ஒரு தடவை இவளும் திட்டு வாங்கட்டுமே...

வாங்கினாள். கருகிய கோட்டைப் பார்த்த மாமியார், பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு இளையவளைத் துவைக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டார்.

இன்று காலையிலும் மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

“குழாயைத் திறந்து போட்டது யாரு? சின்னவளா? கோட்டையே கருக்கினவளுக்குக் குழாய் எம்மாத்திரம்...”

“நான்தான் அத்தை” என்றாள் மூத்தவள்.

“நீயா? சரி, சரி... மூடு.”

அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. கடவுள் தைரியத்தை மூட்டையாகக் கொடுப்பதில்லை. இப்படிக் கைப்பிடி கைப்பிடியாகத்தான் கொடுக்கிறார். கிடைத்த பிடி நழுவுவதற்குள் அவள் அடுத்ததையும் சொன்னாள்.

“கோட்டு கருகினதும் என்னாலதான். சூட்டைக் கூட்டி வச்சது நான். அவ பெட்டியை எடுக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கலை.”

துவைக்கிற இடத்திலிருந்து இளையவள் ஈரக் கையோடு எழுந்து வந்தாள்.

“பத்து நாளா என் கையைத்தானேக்கா திட்டிக்கிட்டிருந்தேன்... ஏன்க்கா?”

“பொறாமை. எல்லாரும் உன்னைக் கேட்டே வர்றாங்க... தாங்க முடியலை.”

“என்னைக் கேக்குறவங்ககிட்ட எல்லாம், கத்துக் கொடுத்தது எங்கக்காதான்னு சொல்லிட்டுத்தானே இருக்கேன்...” இளையவளின் குரல் உடைந்தது. மூத்தவள் அந்த ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாமியார் பெட்டியை எடுத்து வந்து இளையவளின் மேசையில் வைத்தார். “அழுதது போதும். துணி குவிஞ்சு கிடக்கு.”

மறுநாள் வக்கீல் புதுக் கோட்டோடு வந்தபோது, முன்னறையில் மூத்தவள் மட்டும் இருந்தாள். இளையவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“இதை யாரும்மா தேய்க்கப் போறது?”

“சின்னவதான் சார். அன்னைக்குத் தப்பு என்னோடது. அவ அளவுக்கு எனக்குத் தேய்க்க வராது.”

வயிறு லேசாக வலித்தது. வக்கீல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவள் கோட்டை இளையவளின் மேசையில் விரித்தாள். பெட்டியின் திருகைக் கம்பளித் துணிக்கு ஏற்றபடி குறைத்து வைத்தாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதும், ஒன்றுமே நடக்காதவள்போல் தன் விரிப்புகளை மடிக்கத் திரும்பிப் போனாள்.

வலி நின்றிருந்தது.