தூளியில் ஆடிய கப்பல் கடிகாரம்

மயிலம்மாளுடைய அப்பாவுக்குத் தெரியாத சங்கதியே கிடையாது என்று செவ்வாய்ப்பேட்டையில் எல்லோரும் சொல்வார்கள்.

திமிங்கிலம் எப்படித் தூங்கும்? சுவாமிநாதனைக் கேள். வால்வெள்ளி மறுபடி எப்போது வரும்? சுவாமிநாதனைக் கேள். வக்கீல் வீட்டு டைப் மெஷினில் ஒரே ஒரு எழுத்து மட்டும் எகிறிக் குதிக்கிறதா? அதற்கும் அவர்தான். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், தறியில் உட்காராமல் டைப் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடையில் மெஷின்களைவிடப் புத்தகங்கள் அதிகம்.

அவருக்கு ஒரு துன்பமும் இருந்தது. இளவயதில் பட்டாளத்து ஆபீஸ் வேலைக்காகக் கப்பலேறி, சண்டை நடந்துகொண்டிருந்த பாஸ்ரா ஊருக்குப் போனார். அங்கே குண்டுகள் வெடிப்பதை மிக அருகில் பார்த்துவிட்டார். ஊர் திரும்பிப் பல வருஷம் ஆன பிறகும், மனசு ரொம்பக் கலங்கினால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும். வாரக்கணக்கில் வாயே திறக்க மாட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

"அப்பாவுக்கு உள்ளுக்குள்ள இடி இடிக்குது. அது ஓயற வரைக்கும் நாம சும்மா கூட இருந்தாப் போதும்" என்பாள் அம்மா அங்கம்மாள்.

இது நடந்தது 1936-இல். அப்போது மயிலம்மாளுக்குப் பத்து வயது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், அப்பா ஒரு துறைமுக ஆபீசுக்கு டைப் மெஷின் பழுதுபார்க்கப் போயிருந்தார். கிடங்கு மூலையில் பச்சைக் களிம்பேறி, பூசணிக்காய் அளவுக்கு ஒரு பித்தளைச் சாமான் கிடந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய கப்பல் கடிகாரம்! ஓடி நின்று எத்தனை காலமோ, யாருக்கும் தெரியவில்லை. கெஞ்சிக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"கப்பலுக்கு எதுக்குங்கப்பா கடிகாரம்? பள்ளிக்கூடத்துக்கா போகுது?" என்று கேட்டாள் மயிலம்மாள்.

அப்பா சிரித்தார். "நடுக்கடல்ல ரோடும் இல்ல, மைல்கல்லும் இல்ல சாமி. சூரியன் உச்சிக்கு வந்தா அங்க மணி பன்னெண்டு. அப்போ இந்தக் கடிகாரம், கப்பல் கிளம்புன ஊர்ல மணி என்னன்னு காட்டும். ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதை வெச்சு, கிழக்கயோ மேற்கயோ எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு கண்டுபிடிப்பாங்க. கடிகாரம் தப்பாப் போனா கப்பல் பாறையில மோதும்."

அன்றிலிருந்து அவர் அதைக் கழற்றினார், துடைத்தார், உடைந்த பல்சக்கரங்களுக்குப் பதிலாக அரத்தால் ராவிப் புதிது செய்தார். ஒவ்வொரு திருகாணியையும் நோட்டில் படம் போட்டு வைத்தார். பதினேழு நோட்டுகள் நிரம்பின. ஒருநாள் காலை அது 'டிக்' என்றது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. 'வருகிற திங்கட்கிழமை அதிகாரி வருவார். கப்பலின் ஆட்டத்திலும் ஓடினால் கண்காட்சியில் வைப்போம். இல்லாவிட்டால் பித்தளைக்காக உருக்கிவிடுவோம். அந்தக் காலத்தில் இது மேஜையோடு திருகாணியால் முடுக்கப்பட்டிருந்ததாகக் கேள்வி.'

அப்பா கடிகாரத்தைப் பலகையில் முடுக்கி, கப்பல் போலப் பலகையைச் சாய்த்துப் பார்த்தார். நின்றுவிட்டது. மறுபடி ஓடவிட்டுச் சாய்த்தார். மறுபடி நின்றது. மூன்றாம் தடவையும் அப்படியே.

திருப்புளியைக் கீழே வைத்தார். மறுநாள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது.

திங்கட்கிழமைக்கு ஆறு நாள்தான் இருந்தது.

மயிலம்மாள் அப்பாவைத் தொந்தரவு செய்யவில்லை. பள்ளி விட்டு வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய நோட்டுகளைப் புரட்டினாள். எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னச் சின்ன எழுத்து. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: 'வெளிக்கூட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளைகள். எதற்கென்று தெரியவில்லை.'

'அப்பாவுக்கே தெரியாதது ஒண்ணு இருக்குதா!' என்று அவளுக்கு ஆச்சரியமாகிவிட்டது.

ஐந்தாம் நாள் தம்பி அப்புசாமி ஓயாமல் அழுதான். அவனுக்கு எட்டு மாசம். மயிலம்மாள் பால் கிண்ணத்தைத் தூளிக்குள் ஓரமாக வைத்துவிட்டு, அவனைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தாள். கிண்ணம் உள்ளே இருப்பதை மறந்து, பழக்கதோஷத்தில் வெறும் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"அடியே, பால்!" என்று அம்மா கத்தினாள்.

பதறிப்போய்ப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கிண்ணத்தைப் பலகையில் வைத்துச் சாய்த்தால் பால் கொட்டிவிடும். தூளியில் இத்தனை ஆட்டு ஆட்டியும் கொட்டவில்லையே! கடிகாரமும் பலகையில் சாய்த்தபோதுதானே நின்றது! மயிலம்மாள் அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, கடிகாரத்தை நான் தொடட்டுங்களா? பத்திரமா வெச்சுக்கறேனுங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. வேண்டாமென்று தலையையும் ஆட்டவில்லை.

அது போதும். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அம்மாவும் அவளும் சேர்ந்து கடிகாரத்தைத் தூக்கி, பழைய சேலையைச் சுற்றி, முகம் மேலே தெரியும்படி தூளிக்குள் கிடத்தினார்கள். அப்புசாமி அம்மா இடுப்பில் இருந்தபடி, தன் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஆளை முறைத்துப் பார்த்தான்.

தூளி ஆடியது. டிக், டிக், டிக்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாரக்காள் மோர் கொண்டுவந்தாள். "தங்கம் தூங்குதா?" என்று குனிந்தவள் துள்ளி விழுந்தாள். "ஏ அங்கம்மா! உம் புள்ளைக்கு மூஞ்சியில முள்ளு சுத்துது!"

அம்மாவும் மயிலம்மாளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோதுதான் கதவருகே அப்பா நிற்பது தெரிந்தது.

அவர் தூளியைப் பார்த்தார். ஆடிய கயிற்றைப் பார்த்தார். கடிகாரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு தன் விரலால் அந்தத் துளையைத் தடவினார்.

"தொங்க... தொங்க விட்டிருக்காங்க" என்றார். ஐந்து நாள் பேசாத குரல் கரகரத்தது. "முடுக்கவே இல்ல சாமி! துளையில அச்சு மாட்டித் தொங்க விட்டிருக்காங்க! கப்பல் சாய்ஞ்சாலும் இது சாயாது. தப்பு கடிகாரத்துல இல்ல. அந்தக் கடுதாசியில. அதை அப்படியே நம்பின எங்கிட்ட!"

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாத்திரம் செய்பவரிடம் ஓடிப் பெரிதும் சிறிதுமாக இரண்டு பித்தளை வளையம் வாங்கி வந்தார் அப்பா. ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டி, நடுவில் கடிகாரத்தைத் தொங்கவிட்டார். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது நேராகவே நின்று ஓடியது.

திங்கட்கிழமை அதிகாரி கந்தப்பன் வந்தார். கட்டை மீசை, கறுப்புக் கோட்டு.

"இங்கே கடல் இல்லையே, எப்படிச் சோதிக்கிறது?" என்று யோசித்தார்.

"இளம்பிள்ளை ஊருக்கு மாட்டுவண்டியில போய்ட்டு வரலாமுங்க" என்றாள் மயிலம்மாள். "அந்த ரோட்டைவிடவா கடல் ஆடும்?"

போனார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கிப் போட்டது. கந்தப்பனின் தொப்பி இரண்டு தடவை கீழே விழுந்தது. சாயங்காலம் திரும்பி வந்து, தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டே வினாடிதான் வித்தியாசம்.

"கடிகாரம் நல்லா இருக்குது. என் இடுப்புதான் ரிப்பேர்" என்றார். பிறகு எழுந்து நின்று அப்பாவுக்குக் கை கொடுத்தார். "இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் முடியாதென்று கைவிட்டதுங்க இது. நீங்க பெரிய மனுஷர்."

"தொங்க விடணும்னு கண்டுபிடிச்சது இவதானுங்க" என்று மயிலம்மாளை முன்னால் நிறுத்தினார் அப்பா.

கந்தப்பன் அவளுக்கும் கை கொடுத்தார். கொஞ்சம் தயங்கி, "கிடங்கில் இன்னொன்று கிடக்கிறது. இதைவிட மோசம். பார்க்கிறீங்களா?" என்று கேட்டார்.

அப்பா சுவரைப் பார்த்தார்.

மறுபடி பேச்சு நின்றுவிட்டதோ என்று மயிலம்மாள் பயந்தாள். மெல்ல அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. அப்பா ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"அதுல எத்தனை சக்கரத்துக்குப் பல்லு போயிருக்குதுங்க?" என்று கேட்டார்.