மரத்துப்போன கை

"மிஸ்ஸி, அவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. கஞ்சியெல்லாம் வேணாம்."

தேவகுமார் சுவரைப் பார்த்தபடி தாதியிடம் சொன்னார். நாலு வருஷமாக மனைவியிடம் அவர் பேசுவது இப்படித்தான். நடுவில் யாராவது ஒருவர் வேண்டும். மற்ற நேரத்தில் அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசும். விடியற்காலையில் காய்ச்சிய கஞ்சியோடு அருந்ததி வார்டு வாசலிலேயே நின்றாள். அவருடைய தம்பி சஞ்சீவை வீட்டைவிட்டு விரட்டியவள் என்பது அவள்மேல் விழுந்த பழி. அவள் ஒருநாளும் அதை மறுக்கவில்லை.

தாதி ஸஹ்ரா விடவில்லை.

"எப்படி போவாங்க லா அங்கிள்? நேத்து கை எலும்புக்கு பிளேட் வச்சப்போ, தோள்கிட்ட ஊசி போட்டு நரம்ப மரக்க வச்சிருக்காங்க. கை எங்க கெடக்குதுன்னு உங்களுக்கே தெரியாது. நழுவி விழுந்தா? ஆண்ட்டி, தலகாணி மேல வச்சுப் பிடிச்சுக்குங்க. உணர்ச்சி வந்தா உடனே கூப்பிடுங்க. வலி முழுசா வர்றதுக்குள்ள மாத்திரை போடணும்."

அருந்ததி உட்கார்ந்து அந்த விரல்களைப் பிடித்தாள். அவை விலகவில்லை! விலக முடியாது, அவ்வளவுதான்... உணர்ச்சியில்லாத கையைப் பிடிக்கத்தானா இத்தனை காலம் ஏங்கினேன் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. சத்தம் காட்டாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மதியம் பிறை நகரத்திலிருந்து சஞ்சீவ் வந்தான். அண்ணனைப் பார்த்ததுமே உடைந்து போனான்.

"அண்ணே! அண்ணி என்னைத் துரத்தலண்ணே... நான் குடிச்சு நாசமாப் போயிட்டு இருந்தேன். அவங்கதான் புக்கிட் மெர்தாஜாம்ல சிகிச்சைக்குச் சேர்த்தாங்க. அண்ணனுக்குச் சொல்லாதீங்கன்னு நான்தான் அவங்க கால்ல விழுந்தேன்!"

தேவகுமார் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சஞ்சீவ் அழுது ஓய்ந்து வெளியே போனான். இதற்கும் பதில் இல்லையென்றால் இனி எதற்குமே இல்லை என்று அருந்ததிக்குத் தோன்றியது.

மூன்று மணிக்கு ஸஹ்ரா வந்தாள்.

"அங்கிள், உணர்ச்சி வந்துருச்சா?"

"இல்ல."

நாலு மணிக்கும் கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா."

ஆனால் அவர் நெற்றி வியர்த்திருந்தது. அருந்ததியின் உள்ளங்கைக்குள் அவர் விரல்கள் மெல்ல மடங்கி, இறுகின. அவள் திடுக்கிட்டாள்.

"மிஸ்ஸி! பொய் சொல்றாரு, வலி வந்துருச்சு! ஏங்க... ஏன் இப்படி அடக்கிக்கிட்டுக் கெடக்கறீங்க?"

தேவகுமார் சுவரைவிட்டு அவள் பக்கம் திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன.

"வந்துருச்சுன்னு சொன்னா, நீ கையை விட்ருவியே அருந்ததி..."

ஸஹ்ரா மாத்திரையை நீட்டினாள். அருந்ததி அதை இடது கையால் வாங்கி அவருக்குக் கொடுத்தாள்.