செத்த செல் டின்

2005 மே 12, வியாழன். காலை 10.50.

இராமநாதபுரத்தில் அப்போதுதான் கடைக்கு வந்து, தன் ஸ்டுடியோவின் இரும்பு அலமாரியைத் திறந்த சேதுராமன் அப்படியே நின்றார். போன மாதம் வாங்கிய டிஜிட்டல் கேமராவைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி எப்போதும் போல காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

காலையில் கடை திறந்ததிலிருந்து உள்ளே இருந்தவள் கூட்டிப் பெருக்கும் முருகேஸ்வரி ஒருத்திதான். சேதுராமனுக்கு வேறு யோசனையே வரவில்லை. 11.30க்கு அவளை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஏட்டு சலாஹுதீனுக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு மாதம். முட்டிவலி வேறு. எது காணாமல் போனாலும் பெருக்குகிறவளைத்தான் முதலில் கூட்டி வருகிறார்கள். முப்பது வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது.

"கடையை விட்டு வெளியே போனியா?"

"பத்து மணிக்குத் தண்ணி லாரி வந்துச்சு ஏட்டையா. ரெண்டு குடம் பிடிக்கப் போனேன். கதவைச் சாத்தலை."

"எம்புட்டு நேரம்?"

"அரை மணி இருக்கும். நாளைக்கு என் மகளுக்குப் பூ வைக்க வாராக. நான் இங்கன உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டாக."

12.20. ஏட்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். பின்னறையில் ஒரு பிஸ்கட் டின். அது நிறையப் பென்சில் செல்கள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் செலோடேப் துண்டு.

"இது என்னய்யா?"

"பிளாஷுக்குப் போட்டுச் செத்த செல்லு," என்றார் சேதுராமன். "குப்பையில போட்டா மண்ணு கெட்டுப்போகும்னு பேப்பர்ல டெக்னாலஜி பக்கத்துல போட்டிருந்தான். முனையில டேப் ஒட்டித்தான் சேக்கணுமாம். மாசாமாசம் மதுரையில இருந்து ஆள் வந்து எடுத்துக்கிருவாக. செத்தது நாலு குடுத்தாத்தான் நான் புதுசு நாலு குடுப்பேன்."

"யாரு ஒட்டுறது?"

"முருகேஸ்வரிதான். எங்களுக்கு ஏது பொறுமை?"

1.15. கடையின் இன்னொரு போட்டோகிராபர் பூமிநாதன் பைக்கில் வந்து இறங்கினான்.

"எங்க போயிருந்த?"

"சாயல்குடி உப்புக் குடோனுக்கு. எட்டு மணிக்கே கிளம்பிட்டேன். கூரை ஒழுகுன இடத்தைப் படம் எடுக்கச் சொன்னாக."

"அங்கன யாரு இருந்தா?"

"யாருமில்ல. குடோன் மொதலாளி தூத்துக்குடி போயிட்டாரு. சாவி என்கிட்ட இருந்துச்சு."

"எத்தனை படம்?"

"முப்பத்தொண்ணு. ரோல்ல அஞ்சு பாக்கி. உள்ளே கும்மிருட்டு, எல்லாம் பிளாஷ்தான். நேத்து வாங்கின புது செல்லு நாலும் செத்துப்போச்சு."

பையிலிருந்து நான்கு செல்களை எடுத்து மேசையில் வைத்தான். ஏட்டு ஒன்றை எடுத்து உருட்டினார். முனையில் பட்ட கட்டைவிரல் பிசுபிசுத்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, டீ வாங்கி வரச் சொன்னார்.

2.05. டீயைக் குடித்து முடித்தார்.

"பூமிநாதா, நீ சாயல்குடிக்குப் போகலை."

"என்ன ஏட்டையா இப்படிச் சொல்றீக?"

"நேத்து வாங்கின செல்லோட முனையைத் தொட்டுப் பாரு. டேப் பசை. இந்த வெயில்ல நாள்கணக்கா ஒட்டிக் கிடந்தாத்தான் இப்படி இளகும். ஒட்டுறவ ஒருத்தி, அவ ஸ்டேஷன்ல இருக்கா. இது நாலும் இந்த டின்னுல கிடந்த பழசு. டேப்பை உரிச்ச, பசையை மறந்துட்ட. அவ தண்ணிக்குப் போன நேரத்துல கேமராவையும் எடுத்த, பொய்க்குச் சாட்சியா இதையும் எடுத்த. புது செல்லு நாலும் உன் பிளாஷ்லதான் இருக்கும். அந்த ரோலைக் கழுவிப் பாத்துருவமா?"

பூமிநாதன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "கேமரா என் வீட்டுப் பரண்ல இருக்கு. பிலிமுக்கு இனிக் காலம் இல்லைன்னு அதே பேப்பர்லதான்யா போட்டிருந்தான். இவரு புதுசைத் தொடவே விடமாட்டேங்கிறாரு. நான் எந்தத் தொழிலுக்குப் போறது?"

ஏட்டுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. "அதுக்கு ஒரு பொம்பள தலையில பழியைப் போடுவியா?"

3.10. ஸ்டேஷன். போகலாம் என்று சொன்ன பிறகும் முருகேஸ்வரி எழுந்திருக்கவில்லை.

"மாப்பிள்ளையோட சித்தப்பா பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தாரு ஏட்டையா. என்னையப் பாத்தாரு. ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டாரு."

பின்னால் நின்ற சேதுராமன் கையைப் பிசைந்தார். "திங்கக்கிழமை வேலைக்கு வந்துருத்தா," என்றார்.

சலாஹுதீன் தொப்பியை மாட்டிக்கொண்டார். "வேலை கிடக்கட்டும். ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க."

"நானுமா?"

"நீதான்யா மொதல்ல. இவளைத் திருடின்னு சொன்னது உன் வாய். மாப்பிள்ளை வீட்டு வாசல்ல நின்னு இல்லைன்னு சொல்ல வேண்டியதும் அதே வாய்தான்."