எட்டுத் துளை மரக்கட்டை

புதன்கிழமை காலை 10.55. கினுயோ இறந்து கிடந்தாள். படுக்கையைச் சுற்றி எட்டு பென்சில் பேட்டரிகள் சிதறிக் கிடந்தன. வெளியே புயல் ஜப்பானின் ஷிகொக்குத் தீவின் தென்கரையைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது.

மதியம் 1.30. காற்று தணிந்த பிறகுதான் துணை ஆய்வாளர் ஓரிட்டோவால் வந்து சேர முடிந்தது. ஐம்பது வயதுக்காரி. அவள் வாய்க்குப் பயந்தே மேலதிகாரிகள் அவளை இந்தக் கரைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

கணவர் டோகுசோ, எழுபத்திரண்டு வயது, பழைய பஸ் டிரைவர். சாண் நீள மரக்கட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டையில் இரண்டு வரிசையாக எட்டுத் துளைகள்.

"கரன்ட் எப்பப் போச்சு?"

"பத்தே கால். ஆக்சிஜன் மெஷின் நின்னுடுச்சு. சிலிண்டரை மாட்டினேன். அது மேல ஒரு குட்டிக் கருவி இருக்கு, அவ மூச்சு இழுக்கறப்ப மட்டும் திறக்கும். அதுக்கு ரெண்டு பேட்டரி வேணும். கட்டையிலேருந்து எடுத்துப் போட்டேன். கருவியில லைட் எரியல. அடுத்த ரெண்டு. எரியல. எட்டும் எரியல."

"கருவியிலயே போட்டு வைக்கறதில்லையா?"

"கசிஞ்சு கெட்டுப்போகும்னு எடுத்து வெச்சிருவோம். தேடக் கூடாதுன்னுதான் இதைச் செஞ்சேன்." கட்டையைத் தடவினார். "நாப்பத்தஞ்சு வருஷத்துல எனக்குன்னு செஞ்ச முதல் சாமான், அதுலயும் ஓட்டைதான்னு கினுயோ சிரிச்சா."

"கையால சிலிண்டரைத் திறந்துவிட முடியாதா?"

"அது என் பொண்ணு மசுமிக்குத்தான் தெரியும். தண்ணி வாங்க ஒம்பதரைக்கு ஊர் மன்றத்துக்குப் போனவ, காத்துல மாட்டிக்கிட்டா." கட்டையை மடியில் கவிழ்த்தார். "பழசைப் புதுசுன்னு செருகிட்டேன் போல. நான்தான் கொன்னேன், எழுதிக்குங்க."

சமையலறையில் பக்கத்து வீட்டு ஹமாதா அம்மாள் காத்திருந்தாள். தெருவின் குப்பைப் பொறுப்பு அவளுடையது. தெருவின் தீர்ப்பும் அவளுடையதே.

"மறதி மேடம். போன மாசம் மூணு தடவை தப்பான நாள்ல குப்பை வெச்சாரு. பாவம், வேணும்னு பண்ணியிருக்க மாட்டாரு."

காற்று தணிந்ததும் வீடு திரும்பியிருந்த நாற்பத்தொரு வயது மசுமி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கூடவே பாதி தின்ற அரிசி வறுவல் பாக்கெட். அதன் வாயை டேப் போட்டு ஒட்டியிருந்தாள். ஓரிட்டோ ஒரே இழுப்பில் பிரித்தாள்.

"முன்ன என்ன வேலை?"

"டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல பார்சல் கட்டுற பிரிவு. பதினாலு வருஷம். அம்மாவுக்கு நுரையீரல் கெட்டதும் விட்டுட்டு வந்துட்டேன். ஏழு வருஷம் ஆச்சு."

அவள் கண்ணில் ஈரம் இல்லை. அழக்கூடத் தெம்பில்லாதவள் என்று ஓரிட்டோ நினைத்தாள். பாதிதான் சரி.

2.10. செத்த பேட்டரிகளை ஓரிட்டோ ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் மெல்லிய மரத்தூள். விரலால் தேய்த்தாள், போகவில்லை. பிசுபிசுத்தது.

"கட்டை எப்பச் செஞ்சீங்க ஐயா?"

"ஞாயித்துக்கிழமை. துளை போட்ட தூள் கொஞ்சம் உள்ளேயே நின்னுடுச்சு."

"பேட்டரி?"

"புதுப் பாக்கெட் பிரிச்சு அன்னிக்கே செருகினேன். அப்படித்தான் நெனப்பு."

"தீந்துபோனதை?"

"தீப்பிடிக்காம இருக்க ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டிப் பையில போடுவேன். நாலாவது புதன்கிழமை குப்பை வண்டி வந்து அள்ளிட்டுப் போகும். டேப் இல்லைன்னா சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி வெச்சிருவாங்க. ஹமாதா அம்மா ஊரைக் கூட்டிருவாங்க."

"நாலாவது புதன் இன்னிக்குத்தானே?"

"புயல்னு வண்டி வரல."

பை செருப்பு அலமாரிக்குக் கீழேயே இருந்தது. ஓரிட்டோ அதைச் செய்தித்தாளில் கொட்டி வெகுநேரம் பார்த்தாள்.

3.00. மூவரையும் உட்காரவைத்தாள்.

"ஐயா, நீங்க கொல்லல. மறதியில பழசைச் செருகறவரு, பதினாறு முனையில ஒட்டின டேப்பை உக்காந்து உரிச்சிட்டிருக்க மாட்டாரு. இந்த எட்டுலயும் டேப் இருந்திருக்கு. உரிச்ச பசையிலதான் தூள் ஒட்டியிருக்கு. யாரோ பையிலேருந்து செத்ததை எடுத்து, உரிச்சு, கட்டையில மாத்தியிருக்காங்க."

"அப்ப நல்லதெல்லாம்?" என்றாள் ஹமாதா அம்மாள்.

ஓரிட்டோ பையில் இருந்ததில் இரண்டை எடுத்தாள். டேப்பைச் சிரமமில்லாமல் உரித்தாள். தன் டார்ச்சில் போட்டு அழுத்தினாள். சுவரில் பளீரென்று வெளிச்சம் விழுந்தது.

"பையில மத்ததெல்லாம் ஐயா பல்லால கடிச்சு ஒட்டினது. எட்டுல மட்டும் டேப் ஓரம் அழகா மடிச்சிருக்கு, பிரிக்கறவங்க நகம் வலிக்கக் கூடாதுன்னு. குப்பைக்குப் போறதை யாரு பிரிக்கப் போறா? பதினாலு வருஷம் பார்சல் கட்டின கை தானா மடிச்சிடுச்சு. அந்த வறுவல் பாக்கெட்லயும் அதே மடிப்பு. மசுமி, வண்டி வந்திருந்தா நான் வெறுங்கையோட போயிருப்பேன்."

மசுமி தன் விரல்களைப் பார்த்தாள்.

"தம்பி ஒசாகாலேருந்து மாசம் ஒரு தடவை போன் பண்ணுவான். எம் புள்ளைக்கு எவ்வளவு பாசம்னு அம்மா தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லுவாங்க. என்னைப் பத்தி யாராவது கேட்டா, அவளுக்கு வேற என்ன வேலைம்பாங்க. ஏழு வருஷம் அதைக் கேட்டேன். டிவியில புயல் வருதுன்னாங்க. நான் பேட்டரியை மட்டும்தான் மாத்தினேன். மிச்சத்தைக் கரன்ட் முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டேன்."

"பழி அப்பா தலையில விழும்னு தெரியாதா?" என்றாள் ஓரிட்டோ.

"அவருக்குத்தான் எல்லாம் மறந்துபோகுமே."

ஹமாதா அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டோகுசோ மகளைப் பார்க்கவில்லை. ஓரிட்டோவிடம்தான் பேசினார்.

"நான் மறந்துட்டேன்னே இருந்திருக்கலாமே மேடம். காலையிலேருந்து பொண்டாட்டியைக் கொன்னவனா உக்காந்திருந்தேன். அதைத் தாங்கிக்க முடிஞ்சுது."

ஓரிட்டோ குறிப்பேட்டை மூடினாள். ஒரு நிரபராதியைக் காப்பாற்றியிருக்கிறாள். அதற்காக வெட்கப்பட்டாள்.

3.25. கரன்ட் வந்தது. உள்ளறையில் ஆக்சிஜன் மெஷின் தானாக உறுமத் தொடங்கியது, பிறகு கீச்சென்று அலறியது.

"குழாய் மடங்கியிருக்கும்," என்று மசுமி எழுந்து ஓடினாள். அறை வாசலுக்குப் போன பிறகுதான் நின்றாள்.